குழாயடிச் சுவரில் பதினேழாம் நம்பர் சீட்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அடுத்தபடியாக இந்த உலகம் எழுந்து நின்று கும்பிட வேண்டிய ஆள் என் சித்திதான். சக்கரம் கண்டுபிடித்தவன் என்ன பெரிதாகச் செய்தான்? உருட்டிவிட்டான், போய்விட்டான். அதன் மேல் உட்கார இடம் செய்தது யார்? என் சித்தி பஸ் சீட் தைக்கிறவள். இந்த நிமிஷம் பூமியில் உட்கார்ந்திருக்கிற மனுஷர்களில் பாதிப்பேர் அவள் தைத்ததன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மீதிப்பேர் இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ராஜாவுக்குச் சிம்மாசனம் செய்த ஆசாரிகூட ஆயுசுக்கு ஒன்று செய்துவிட்டு ஓய்ந்துவிட்டான். சித்தி ஒரு வண்டிக்கு நாற்பத்தெட்டு செய்கிறாள். அதில் ஜன்னலோரத்துக்குச் சண்டை வேறு நடக்கிறது.

போதும். இனிமேல் எழுதுவதெல்லாம் நடந்தது.

எங்கள் பஸ் கம்பெனி ஒர்க்ஷாப்பின் பின்பக்கச் சுவரோரம், பழைய டயர் அடுக்குக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் சித்தியின் இடம். ஒரு நீள மேஜை, தடித்த ஊசி போட்ட மோட்டார் மெஷின், சுருள் சுருளாக ரெக்சின், மஞ்சள் ஃபோம் பலகைகள். அவள் முடியில் எப்போதும் ஃபோம் துகள் ஒட்டியிருக்கும். மெக்கானிக்குகள் அவளைத் தையலக்கா என்பார்கள். நான் அவளுடைய அக்கா மகள். அம்மா வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து சித்தி வீட்டில் இருக்கிறேன். எனக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு வருஷம் பேசிப் பார்த்தோம், பிரிந்துவிட்டோம். இப்போது இதே ஒர்க்ஷாப்பில் வண்டி கூட்டுகிறேன். என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. வாலு என்றால் எல்லோரும் கை காட்டுவார்கள். வாட்ச்மேன் விசில் ஊதியபோது சோப்புக் குமிழி வந்ததே, அது நான்தான். வாட்ச்மேன் ஐயா, மன்னித்துவிடுங்கள்.

கிழிந்த சீட் வந்தால் சித்தி முதலில் உறையைப் பிரிப்பாள். சாய்கிற பலகைக்கும் உட்காருகிற பலகைக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அதற்குள் ஊர்ப்பட்ட சாமான் கிடக்கும். பல் போன சீப்பு, ஒற்றைக் காதணி, குழந்தை சாக்ஸ், மாத்திரை அட்டை, பாதி எழுதின கடிதம். உருப்படியானது ஆபீசுக்குப் போய்விடும். எதற்கும் உதவாததை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டின்னைத் திறந்து ஒன்றை எடுத்து எதிரில் வைத்துக்கொள்வாள். இதைத் தொலைத்தது யார், எந்த ஸ்டாப்பில் இறங்கினார், வீட்டில் போய் என்ன பொய் சொன்னார் என்று கதை எழுதுவாள். ரெக்சின் சுருளைச் சுற்றி வருகிற காக்கித்தாள்தான் நோட்டு. ஒரு தாளுக்கு ஒரு கதை. எல்லாக் கதைக்கும் ஒரே தலைப்பு: பதினேழாம் நம்பர் சீட்.

"ஏன் சித்தி பதினேழு?"

"பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல யாராவது உட்கார்ந்துதானே ஆகணும்?"

திங்கட்கிழமை காலை அந்தத் தாளைக் குழாயடிச் சுவரில் மாட்டுவாள். கை கழுவுகிற இடம் அது. ஒர்க்ஷாப்பில் அத்தனை பேரும் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்தே ஆகவேண்டிய இடம். அந்தச் சுவரில் மேலே ஒரு மரச்சட்டம் ஓடுகிறது, கீழே வெறும் சிமெண்ட். ஆணி சட்டத்தில்தான் இறங்கும். அதனால் தாள் மேலே மட்டும் பிடித்துக்கொண்டு கீழே தொங்கும். எதிரே சுற்றுகிற ஃபேன் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

சாக்ஸ் கதை ஒன்று எழுதினாள். குழந்தையின் சாக்ஸ் ஒன்று தொலைந்துபோகிறது. அந்த அம்மா மற்றதையும் கழற்றி சீட் சந்துக்குள் திணித்துவிடுகிறாள், வீட்டில் கேட்டால் சாக்ஸே போடவில்லை என்று சொல்லிவிடலாமே என்று. மூன்று ஸ்டாப் தாண்டினபிறகு முதல் சாக்ஸ் குழந்தையின் சட்டைப் பைக்குள் இருந்து வருகிறது. குழந்தை சிரிக்கிறது. அம்மாவும் சிரிக்கிறாள், ஆனால் கடைசி வரியில் அவள் இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விடுகிறது. இதெல்லாம் காற்றுவாக்கில் காதில் விழுந்தது. நான் கதை கிதை படிக்கிற ஆள் இல்லை.

படித்த முதல் ஆள் ஸ்டோர்காரர். நூல், ஆணி, போல்ட் என்று எது கேட்டாலும் துண்டுச்சீட்டில் ஊதா ஸ்டாம்ப் குத்தித்தான் கொடுப்பார். அவர் கட்டைவிரல் பிறந்ததிலிருந்தே ஊதாவோ என்று தோன்றும். ஒரு நாள் குழாயடியில் நின்று முழுசாகப் படித்துவிட்டு சித்தியிடம் வந்தார்.

"தங்கச்சி, இதை நீயா எழுதினே?"

"ஆமாண்ணே. சும்மா."

"சும்மாவாவது ஒண்ணாவது! பழைய தாளைத் தூக்கிப் போட்டுடாதே. வாராவாரம் என்கிட்ட குடு, ஒரு ஃபைல் போட்டு வைக்கிறேன். பாரு, ஒரு நாள் இதுக்கு ஒரு மரியாதை வரும்."

அன்றைக்கு சித்தி ஒரு சீட்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். பிரித்து மறுபடி தைத்தாள், அப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுத் தாள் சுவருக்கு, பழைய தாள் ஸ்டோருக்கு.

கொடுப்பதற்கு முன்னால் தாளை மேஜையில் விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணுகிற கணக்கு அது. கை கழுவ வருகிறவன் கையில் கிரீஸ் இருக்கும். படித்தவன் தாளைத் தொட்டிருப்பான். தொட்டிருந்தால் கறை இருக்கும்.

முதல் மாசம் முழுக்க ஒரே ஒரு கறை. ஊதா.

"குழாயடியில நூத்துப்பத்து பேர் கை கழுவுறாங்கடி," என்றாள். "ஒரு கறுப்பு விரல் ஒட்டலை பாரேன். இவ்வளவு சுத்தமான மெக்கானிக்கை எங்கயும் பார்த்ததில்ல."

ஜோக்தான் அடித்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை டின்னைத் திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கதை கிதை படிக்கிற ஆள் இல்லை. இருந்தாலும் அந்த டக் டக் சத்தத்தை ஒரு காலை முழுக்கக் கேட்க என்னால் ஆகவில்லை. மூடின டின்னை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "என்னடி?" என்றாள். "சும்மா, தூசி தட்டினேன்," என்றேன். கடைசியில் ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து எழுதினாள். திங்கட்கிழமை அது சுவருக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை நான் கிரீஸ் டப்பாவில் கட்டைவிரலை முக்கினேன்.

இதைத்தான் இந்தத் தாளில் சொல்ல வந்தேன். அந்த வாரம் நாலு வைத்தேன். அடுத்த வாரம் எட்டு. ஒரே ஆள் மாதிரித் தெரியக்கூடாது என்று மேலே ஒன்று, ஓரத்தில் ஒன்று, தலைப்புக்குப் பக்கத்தில் ஒன்று என்று பரவலாக வைத்தேன். கால் கட்டைவிரலைக்கூட யோசித்தேன், சுவர் உயரமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

"எட்டு!" என்று சித்தி அந்தத் திங்கட்கிழமை கத்தினாள். டயர் அடுக்குக்குப் பின்னால் இருந்த பூனை ஓடியேபோய்விட்டது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள், பெரிய கிளாசில். மெக்கானிக்குகள் அவள் பக்கம் வந்தால் முன்னைவிட மரியாதையாகப் பேசினாள், தலையைச் சரிசெய்துகொண்டாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நாள் போனபிறகு அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. "பன்னெண்டா, பரவாயில்லையே," என்று என்னைப் பார்த்து ஒரு மாதிரி சொல்வாள். பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் டின் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மூடிக் கிடக்கவில்லை. இரண்டரை வருஷம்.

போன மாசம் கம்பெனிக்கு இருபத்தைந்தாவது வருஷம். ஒர்க்ஷாப்பில் இருந்த வண்டிகளை வெளியே விட்டுவிட்டு நடுவில் மேடை போட்டார்கள், நாற்காலி போட்டார்கள். ஆளுக்கு ஒரு ஸ்வீட் டப்பா, ஒரு மலர். மலர் என்றால் பளபளவென்று அச்சடித்த புத்தகம். முதலாளி படம், முதலாளி அப்பா படம், புது வண்டி படம். இருபத்திரண்டாம் பக்கத்தில் 'பதினேழாம் நம்பர் சீட்'. மூன்று கதைகள். சாக்ஸ், மாத்திரை அட்டை, பாதிக் கடிதம். பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் ஸ்டோர்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் பெயர்.

கதையில் ஒரே ஒரு இடத்தை மாற்றியிருந்தார். சீட்டைப் பிரித்து சாமானை எடுக்கிற பெண்ணைத் தூக்கிவிட்டு, சீட்டைப் பிரிக்கிற ஒரு ஸ்டோர்காரரை வைத்திருந்தார். ஸ்டோர்காரர் என்றைக்குச் சீட்டைப் பிரித்தார்? அவருக்குத் தையல் பிரிக்கிற கத்தியை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும்.

மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். "நம்ம ஸ்டோருக்குள்ள இப்படி ஒரு எழுத்தாளர் ஒளிஞ்சிருக்கார்னு நமக்கே தெரியலையே!" என்றார் முதலாளி. எல்லோரும் கை தட்டினார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள்.

சித்தி நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். மலர் அவள் மடியில் இருந்தது. எழுந்து கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. மெதுவாகத் திரும்பிப் பின்வரிசைப் பக்கம் பார்த்தாள். மெக்கானிக்குகள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். நானும் ஓரத்தில் இருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் ஸ்டோருக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் கடிகாரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் பேரு எங்கண்ணே?"

"அட, நீயா. வா தங்கச்சி." அவர் முகத்தில் வெட்கமே இல்லை, அதுதான் ஆச்சரியம். "கதை அச்சுல வந்துச்சு பார்த்தியா? நான் சொன்னேனா இல்லையா, ஒரு நாள் மரியாதை வரும்னு?"

"உங்களுக்கு வந்துச்சு."

"தையல்காரி எழுதினதுன்னு குடுத்திருந்தா ஆபீஸ்ல வாங்கியே இருக்க மாட்டாங்கம்மா. என் பேரைப் போட்டதாலதான் உள்ளயே போச்சு. நான் எடுத்து வைக்கலேன்னா இதெல்லாம் சோப்புத் தண்ணியில கரைஞ்சு சாக்கடைக்குப் போயிருக்கும். யாருக்காகச் செஞ்சேன் சொல்லு?"

கடிகாரம் கோணலாக இருந்தது. சித்தி அதை நேராக வைத்துவிட்டு வெளியே வந்தாள். நேராக வைத்தாள்! நானாக இருந்தால் அவர் தலையில் மாட்டியிருப்பேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டரை வருஷமா அந்தத் தாள்ல அத்தனை கை இருந்துச்சே. ஒரு கைகூட மேல வரலையே, ஏன்?"

மெக்கானிக்குகளைச் சொல்கிறாள். வாராவாரம் பன்னிரண்டு பேர் படித்தார்கள் என்று நம்பினாள், அந்தப் பன்னிரண்டு பேரும் யார் கதை என்று தெரிந்தே கை தட்டினார்கள் என்று நினைக்கிறாள். பாவம், அந்த ஆட்கள் ஒரு வரி படித்தவர்கள் இல்லை. இல்லாத ஆட்களை நான் உண்டாக்கினேன், இப்போது அவர்கள் அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் சித்தி எழுதவில்லை. மூன்று ஞாயிறு போய்விட்டது. டின் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. மெக்கானிக் யாராவது "அக்கா, அந்த சீட் ரெடியா?" என்றால் மெஷின் சத்தத்தில் காது கேட்காத மாதிரி இருக்கிறாள். குழாயடி ஆணியில் எவனோ துண்டு மாட்டியிருக்கிறான். தாள் எங்கே என்று ஒருத்தன் கேட்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? ஸ்டோர்காரரின் ஸ்டாம்ப் பேடில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றினேன். ஒரு நாள் பூரா துண்டுச்சீட்டெல்லாம் கறுப்பாக வழிந்தது, அவர் மூன்று சட்டை மாற்றினார். ஸ்டோரைக் கூட்டப்போனபோது அந்த ஃபைலையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சித்தியின் தட்டுக்குக் கீழே வைத்தேன். எடுத்துப் பார்த்தாள். உள்ளே கொண்டுபோனாள். மறுநாளும் எழுதவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன், அவள் எழுதுகிற காக்கித்தாளிலேயே. திங்கட்கிழமை அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு இதை மாட்டப்போகிறேன். மெக்கானிக் அண்ணன்மார்களே, தையலக்கா உங்கள் மேல் கோபமாக இருந்தால் அது உங்கள் குற்றம் இல்லை. அந்தக் கைகள் உங்கள் கைகள் இல்லை. சித்தி, உன்னை அவர்கள் ஏமாற்றவில்லை. ஸ்டோர்காரர் ஏமாற்றினார், அதற்கப்புறம் நான். இருபத்திரண்டாம் பக்கத்தில் இருப்பது சித்தியின் கதை. இதை மேடையில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னைப் போய் யார் சாட்சி கேட்பார்கள்? நான் கதை கிதை படிக்கிற ஆள் இல்லை.

*

மேலே இருப்பது சனிக்கிழமை எழுதினது. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையை விட்டுப் பார்த்தால் இல்லை.

முன் அறையில் சித்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஃபைலைப் பிரித்துத் தாள்களையெல்லாம் சுவர் வரைக்கும் பரப்பியிருந்தாள். என் தாள் அவள் மடியில் இருந்தது.

"வாடி, சக்கரம் கண்டுபிடிச்சவளே. உட்காரு."

உட்கார்ந்தேன்.

"இந்தப் பன்னெண்டு கை கதை எனக்கு ரெண்டாவது மாசமே தெரியும்."

"எப்படி?"

"படிக்கிறவன் எவனாவது மேல் மூலையைப் பிடிச்சுட்டு நிப்பானா? அதைத்தான் ஆணி பிடிச்சிருக்கே. காத்துல அடிக்கிறது கீழ் மூலை. படிக்கணும்னா அதைப் பிடிச்சாகணும்." என் வலது கட்டைவிரலை இழுத்து நிமிர்த்தினாள். பஸ் படிக்கட்டுத் தகரம் வெட்டின தழும்பு அதில் குறுக்கே ஓடுகிறது. "அப்புறம், எங்க மெக்கானிக்கு பன்னெண்டு பேருக்கும் தகரம் ஒரே இடத்துல வெட்டிச்சாக்கும்?"

தாள்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கறையிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

"தெரிஞ்சுமா எழுதினே? யாருமே படிக்கலைன்னு தெரிஞ்சுமா?"

"யார் சொன்னா யாருமே படிக்கலைன்னு?"

ஒரு தாளை எடுத்து அதன் கீழ் வலது மூலையைக் காட்டினாள். மங்கலாக ஒரு விரல். கிரீசில் முக்கி அழுத்தினது இல்லை, துடைத்தும் துடைக்காத கை சும்மா பட்டது. அடுத்த தாள், அதே மூலை. அதற்கடுத்தது, அதே மூலை. முதல் மாசத்துத் தாள்கள் தவிர எல்லாவற்றிலும் இருந்தது. எல்லாவற்றிலும் குறுக்கே அந்த வெள்ளைக் கோடும் இருந்தது.

"மேல இருக்கிறது நீ வச்சது. இது பட்டது," என்றாள். "பன்னெண்டைக் கழிச்சா எனக்கு மிச்சம் ரெண்டு. ஊதா ஒண்ணு, இது ஒண்ணு. கடைசி வரி வரைக்கும் பிடிச்சிருந்தாத்தான் இவ்வளவு அழுக்கு ஏறும். அதுக்காகத்தான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் டின்னைத் திறந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பரப்பியிருந்த தாள்களில் சாக்ஸ் கதை என் காலடியில் கிடந்தது.

"அன்னைக்கு வழியில நான் யாரைக் கேட்டேன்னு நினைச்சே? மெக்கானிக்கையா? படிக்காதவங்க எப்படிடி எழுந்து நிப்பாங்க? படிச்சது ரெண்டே பேரு. ஒருத்தர் மேடையில கடிகாரம் வாங்கிட்டு நின்னாரு. இன்னொருத்தியைத் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில ஸ்வீட் டப்பாவைப் பிரிச்சுட்டு இருந்தா."

பேடில் ஆயில் ஊற்றத் தெரிந்தது. ஃபைலைத் தூக்கத் தெரிந்தது. ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெரியவில்லை. சித்தி எழுந்து அலமாரிக்கு மேலிருந்து டின்னை எடுத்தாள். உள்ளே கிளறி, நுனி மடங்கின ஒரு பழைய சாவியை எடுத்துத் தரையில் வைத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"நாளைக்கு ரெண்டு தாள் மாட்டணும். ஆணி எடுத்து வை."

"ரெண்டா?"

"என்னோடது ஒண்ணு. உன்னோடது ஒண்ணு. மாட்டிட்டு ஓடிடாதே, அங்கயே நில்லு. ஸ்டோர்காரர் வந்தாலும் நில்லு."

"சரி சித்தி."

என் தாளை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். வாங்கப்போனேன், விடவில்லை. அவள் விரல் ஒரு வரியின் மேல் நின்றது, அப்புறம் இன்னொரு வரி, அப்புறம் கடைசி வரி.

"கதை கிதை படிக்கிற ஆள் இல்லைன்னு மூணு இடத்துல எழுதியிருக்கே."

"அடிச்சுடட்டுமா?"

"வேணாம். அப்படியே மாட்டு. பொய் சொன்னது யாருன்னு குழாயடிக்கு வர்றவங்களும் பார்க்கட்டும்."